9-ஆம் எண்ணுக்கும் 11-ஆம் எண்ணுக்கும் நடுவே: மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் பள்ளிக்கூடம் வந்த கதை

1/
இந்திய அரசியல் சட்டத்தின் கடைசிப் பகுதியில் ஏழாவது அட்டவணை என்று ஒன்று இருக்கு. எந்த விஷயத்துக்கு யார் சட்டம் போடலாம் என்று மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் பாகம் பிரித்துக் கொடுத்த பட்டியல் அது. 1950-ல் அமலுக்கு வந்தபோது மாநிலப் பட்டியலில் இருந்த இந்த நாலு எண்களை மட்டும் பாருங்க:

8 – மது.
9 – ஊனமுற்றோருக்கும் வேலை செய்ய இயலாதவர்களுக்கும் நிவாரணம்.
10 – இடுகாடு, சுடுகாடு.
11 – கல்வி.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. வரிசை அப்படியேதான் இருந்தது. ஊனமுற்றோர் 9-ல். கல்வி 11-ல். நடுவில் சுடுகாடு.

2/
அந்த 9-ஆம் எண்ணில் இருக்கும் வார்த்தையைக் கவனிங்க. "நிவாரணம்". வெள்ளம் வந்தால் கொடுப்பது, புயல் அடித்தால் கொடுப்பது. கொடுப்பவருக்கு மனசு இருந்தால், கையில் காசு இருந்தால் கொடுப்பார். வாங்குபவர் "எனக்கு ஏன் தரவில்லை?" என்று கோர்ட்டுக்குப் போக முடியாது.

ஒரு காது கேளாத குழந்தையின் படிப்பு 9-ல் வருமா, 11-ல் வருமா? அது நிவாரணமா, கல்வியா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க நம் நாட்டுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆச்சு. அந்தக் கதையைத்தான் காஞ்சிபுரத்திலிருந்து சொல்லப்போறேன். நீளமான பதிவு. பொறுமையா படிங்க. கடைசியில் உங்களுக்குத் தேவையான விஷயமும் இருக்கு.

3/
முதலில் பழைய கதை. தமிழ்நாட்டில் இந்தக் குழந்தைகளுக்கு முதலில் பள்ளிக்கூடம் கட்டியது அரசாங்கம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பாளையங்கோட்டையில் மிஷனரிகள் ஆரம்பித்தார்கள். அங்கே காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி நடத்திய ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் பெயரை திருநெல்வேலிக்காரர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. 1931-ல் பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கு அரசுப் பள்ளி வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் இருக்கும் ஊர்தான்.

நல்ல பள்ளிகள். ஆனா கணக்கு என்ன? ஒரு மாகாணத்துக்குச் சில பள்ளிகள். ஓலைக்குடிசையில் இருக்கும் பிள்ளைக்கு அது எட்டாத தூரம்.

4/
1944-ல் பிரிட்டிஷ் அரசுக்கு சார்ஜென்ட் ஒரு கல்வி அறிக்கை கொடுத்தார். அதில் தெளிவாகவே எழுதியிருந்தார்: ஊனமுற்ற குழந்தைகளின் படிப்பு தேசியக் கல்வி அமைப்பின் பகுதியாக இருக்கணும், கல்வித் துறைதான் அதை நடத்தணும் என்று.

அதாவது 11-ல் வை என்று சொன்னார். ஆறு வருஷம் கழித்து வந்த அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் அவர்களைப் பற்றி இருந்த வரி 9-ல்.

5/
சரி, 1964-ல் அமைத்த கோத்தாரி கல்விக் குழு என்ன சொன்னது? ஊனமுற்ற குழந்தைகளும் பொதுப் பள்ளிக்கு வரணும் என்று சொன்னது. பெரிய விஷயம். ஆனா இலக்கைப் பாருங்க: 1986-க்குள் பார்வையற்ற, காது கேளாத, உடல் ஊனமுற்ற குழந்தைகளில் 15 சதவீதம் பேர். அறிவு வளர்ச்சி குறைந்த குழந்தைகளில் 5 சதவீதம் பேர்.

20 வருஷம் கழித்து எட்டவேண்டிய இலக்கே இவ்வளவுதான். மீதி 85 பேர், 95 பேர் என்ன ஆனால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. நிவாரணம் என்று நினைத்தால் 15 சதவீதமே தாராளம். உரிமை என்று நினைத்தால் 99 சதவீதம்கூட போதாது. ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போகுது பாருங்க.

1974-ல் பொதுப் பள்ளியில் இவர்களைச் சேர்க்க மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதை யாரிடம் கொடுத்தார்கள்? சமூக நலத் துறையிடம். 1982-ல்தான் அது கல்வித் துறையின் கைக்கு வந்தது.

6/
இப்போ எங்க ஊருக்கு வாங்க. காஞ்சிபுரம் பழைய படிப்பு ஊர். பல்லவர் காலத்தில் கடிகை இருந்தது. 7-ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் இங்கே வந்திருக்கிறார். ஆனா பிள்ளையார்பாளையம் தெருக்களில் நடந்தால் உங்களுக்குக் கேட்பது பாடம் ஒப்பிக்கும் சத்தம் இல்லை. தறிச் சத்தம்.

காஞ்சிப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ரெண்டையும் தறியிலேயே கோர்த்து நெய்வதற்குக் 'கோர்வை' என்று பேர். மூணு நாடா ஓடணும். நெய்கிறவருக்கு ரெண்டு கைதான். அதனால ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள ஒரு துணையாள் கூடவே உட்காரணும். பல தலைமுறையாக அந்த இடத்தில் பெரும்பாலும் உட்கார்ந்தது ஒரு குழந்தை. சொந்தப் பிள்ளை, இல்லேன்னா முன்பணம் வாங்கிய குடும்பத்துப் பிள்ளை.

7/
1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனா குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு அதில் விலக்கு. தறி எங்கே இருக்கு? வீட்டுக்குள்ளே. அப்போ காஞ்சிபுரத்தில் சட்டம் எந்த வாசல் வழியா உள்ளே நுழையும்?

2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இருந்தது. அந்தக் காலகட்டத்தில் அரசும் தொண்டு அமைப்புகளும் ஊர் மக்களும் சேர்ந்து நிறைய பிள்ளைகளைத் தறியிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். மறுக்கவே முடியாது. பாராட்டவேண்டிய வேலை.

8/
ஆனா ஒரு பிள்ளை மட்டும் அந்தக் கணக்கில் சுலபமாக விட்டுப்போகும்.

ஒரு வீட்டில் மூணு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு பேரை ஸ்கூலுக்கு அனுப்பியாச்சு. மூணாவது பிள்ளைக்குக் காது கேட்காது. "அதுக்குப் படிப்பு எப்படி வரும்? நாடா தள்ள காது எதுக்கு? கைத்தொழிலாவது கத்துக்கட்டும்." இதை அக்கறையோடுதான் சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்றால் தறியும் இல்லை. திண்ணைதான்.

ஒரு மருத்துவராகச் சொல்றேன். காது கேளாமை மூளையைக் குறைக்காது. ஆனா மொழியே கிடைக்காமல் முதல் சில வருஷம் ஓடிப்போனால், அது குறைக்கும். சைகை மொழியோ பேச்சு மொழியோ, ஏதோ ஒரு மொழி அந்தக் குழந்தைக்கு நேரத்தில் கிடைக்கணும். "பாவம், வீட்டிலேயே இருக்கட்டும்" என்பது அந்தக் குழந்தைக்கு நாம் செய்யும் இரண்டாவது ஊனம்.

9/
இதே கேள்வி அமெரிக்காவிலும் இருந்தது. அங்கேயும் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. பென்சில்வேனியா மாநிலச் சட்டப்படி, ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி வராத குழந்தையைப் பள்ளி சேர்க்க மறுக்கலாம். பெற்றோர் சங்கம் வழக்குப் போட்டது. 1971-72-ல் அந்தக் கதவு திறந்தது. 1972-ல் தலைநகர் வாஷிங்டனில் இன்னொரு வழக்கு. பள்ளி நிர்வாகம் "எங்களிடம் நிதி இல்லை" என்றது. நீதிபதி சொன்னதன் சாரம் இதுதான்: நிதி குறைவு என்றால் எல்லாக் குழந்தைக்கும் சேர்த்துக் குறையட்டும், இவர்கள் தலையில் மட்டும் கட்டாதே.

1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஃபோர்டு மத்தியச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டத்தின் முன்பகுதியிலேயே எழுதியிருந்தது: நாட்டில் 80 லட்சத்துக்கும் மேலான ஊனமுற்ற குழந்தைகள், அதில் 10 லட்சம் பேருக்குப் பள்ளிக் கதவே மூடியிருக்கிறது என்று.

10/
அந்தச் சட்டத்தின் உயிர் எங்கே இருக்கு தெரியுமா? ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுதணும். எழுதும்போது அப்பா அம்மா அந்த மேசையில் உட்காரணும். பிடிக்கவில்லை என்றால் அவர்கள் எதிர்த்து முறையிடலாம். "குழந்தை பள்ளிக்குத் தகுதியா?" என்ற கேள்வியை, "பள்ளி குழந்தைக்குத் தகுதியா?" என்று திருப்பிப் போட்டார்கள்.

அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்று அன்றைக்குச் சொன்னார்கள். இன்றுவரை ஒரு வருஷம்கூட அந்த 40-ஐத் தொட்டதில்லை. கூட்டாட்சி நாட்டில் டெல்லியோ வாஷிங்டனோ, சட்டம் ஒரு இடத்தில் பிறக்கும், பில் இன்னொரு இடத்துக்குப் போகும்.

11/
திரும்ப நம் நாடு. 9-ஆம் எண் மாநிலப் பட்டியலில் இருக்கும்போது, நாடு முழுவதற்குமான சட்டத்தை நாடாளுமன்றம் எப்படிப் போட்டது?

இது ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயம். அரசியல் சட்டத்தின் 253-ஆவது பிரிவு சொல்வது: சர்வதேச மாநாட்டில் இந்தியா ஒரு வாக்குக் கொடுத்தால், அதை நிறைவேற்ற எந்தப் பட்டியலில் உள்ள விஷயத்துக்கும் நாடாளுமன்றம் சட்டம் போடலாம். 1992 டிசம்பர் 1 முதல் 5 வரை பெய்ஜிங்கில் ஆசிய-பசிபிக் நாடுகளின் கூட்டம் நடந்தது. ஊனமுற்றோருக்குச் சம உரிமை, முழுப் பங்கேற்பு என்று ஒரு பிரகடனம். அந்தக் கூட்டத்தைக் காட்டித்தான் 1995-ஆம் வருடச் சட்டம் வந்தது. சட்டத்தின் முகவுரையிலேயே பெய்ஜிங் பேர் இருக்கு.

12/
இந்த இடத்தில் காஞ்சிபுரத்துக்காரனுக்கு அண்ணா ஞாபகம் வராமல் இருக்காது. 1909-ல் இதே ஊரில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். மாநிலங்களுக்கு அதிகாரம் வேணும் என்று கடைசிவரை பேசியவர். மதிய உணவு மாதிரி விஷயங்களில் மாநிலம் முன்னால் போய், நாடு பின்னால் வந்தது. இந்த விஷயத்தில் சட்டம் மேலேயிருந்து வந்தது. உண்மையை உண்மையாகச் சொல்லணும் இல்லையா?

ஆனா அண்ணா எழுப்பிய கேள்வி இங்கேயும் நிற்குது: சட்டம் போட்டவர் டெல்லியில். பிள்ளை தெருவில். நடுவில் யார் செலவு செய்வது? இதை அப்புறம் பார்ப்போம்.

13/
1995 சட்டம் 1996 பிப்ரவரி 7-ல் அமலுக்கு வந்தது. அதன் 26-ஆவது பிரிவு: ஊனமுற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் 18 வயது வரை, ஏற்ற சூழலில் இலவசக் கல்வி கிடைப்பதை அரசு உறுதி செய்யணும். குடியரசு ஆகி 46 வருஷம் கழித்து, 9-ல் இருந்த குழந்தை 11-ஐ நோக்கி ஒரு காலடி எடுத்து வைத்தது.

ஆனா அந்தச் சட்டம் கணக்கில் எடுத்தது ஏழே வகை. ஆட்டிசம் அதில் இல்லை. கற்றல் குறைபாடு இல்லை. எழுத்துக்கள் மாறி மாறித் தெரியும் பிள்ளை சட்டப்படி 'சோம்பேறி'தான்.

14/
இதற்கிடையே கல்வியும் இடம் மாறியிருந்தது. 42-ஆவது திருத்தம் 1976-ல் அதை 11-ஆம் எண்ணிலிருந்து எடுத்துப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. 2002-ல் 86-ஆவது திருத்தம், 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்றது. அதற்கான கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்து, 2010 ஏப்ரல் 1-ல் அமலானது.

அதிலும் ஒரு ஓட்டை. தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் யாருக்கு? 'பின்தங்கிய பிரிவு' என்று எழுதியபோது ஊனமுற்ற குழந்தைகளின் பேரே அதில் இல்லை. போராடித்தான் 2012-ல் திருத்தினார்கள். கடுமையான ஊனமுள்ள குழந்தை விரும்பினால் வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையும் அப்போதுதான் சேர்ந்தது.

15/
2007-ல் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதன் தொடர்ச்சியாக 2016 சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கு. ஏழு வகை 21 ஆனது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தலசீமியா எல்லாம் உள்ளே வந்தன.

மாற்றம் வந்ததா? வந்தது. இல்லை என்று சொல்லவே மாட்டேன். ஆனா 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 5 முதல் 19 வயது வரையான மாற்றுத்திறனாளிகளில் கல்வி நிலையத்தில் இருந்தவர்கள் 61 சதவீதம். பள்ளிப் படியே மிதிக்காதவர்கள் 27 சதவீதம். ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளை. கோத்தாரி காலத்தோடு ஒப்பிட்டால் மலை ஏறியிருக்கோம். அந்த நாலாவது பிள்ளையின் அம்மாவிடம் போய் மலைக்கதை சொல்ல முடியுமா?

16/
ஏன் இந்தப் பாக்கி? என் பார்வையில், சட்டம் 9-ஐ விட்டு வந்துவிட்டது, அலுவலகம் இன்னும் வரவில்லை.

இன்றைக்கும் தமிழ்நாட்டில் சிறப்புப் பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் இல்லை. மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் கீழ். பொதுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் மத்திய-மாநிலக் கூட்டுத் திட்டமான சமக்ர சிக்ஷாவில் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். 60:40 பங்கு. 2024-25-ல் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டம் தொடர்பாக டெல்லிக்கும் சென்னைக்கும் தகராறு வந்தபோது அந்த நிதி நின்றது. மாநில அரசு 2025-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்பதை நீங்கள் முடிவு பண்ணுங்க. வட்டார வள மையத்தில் பிசியோதெரபிக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ரெண்டு அரசும் ஒண்ணுதான்.

17/
ஆசிரியர் கணக்கும் அப்படித்தான். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சிறப்பு ஆசிரியர் விகிதத்தை நிர்ணயிக்கச் சொன்னது. 2022-ல் மத்திய அரசு அறிவித்தது: தொடக்கப் பள்ளியில் 10 மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு ஒருவர், நடுநிலையில் 15-க்கு ஒருவர். 2025 மார்ச்சில், மாநிலங்கள் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கணும் என்று நீதிமன்றம் மறுபடியும் சொல்லவேண்டி வந்தது. ஒரே விஷயத்தை நீதிமன்றம் ரெண்டு தடவை சொல்லுது என்றாலே உங்களுக்குப் புரியும்.

18/
அலுவலகம் மட்டுமா? நம்ம மனசும் 9-லேயே இருக்கு. மருத்துவக் குழுவுக்குச் சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது: "சார், 40 சதவீதம் வருமா? மாசத் தொகை கிடைக்குமா?" நியாயமான கேள்வி. நெசவுக் கூலியில் அது பெரிய காசு. ஆனா அந்தத் தாளுக்கு இன்னொரு வேலை இருக்கு. அது பள்ளிக்கூடச் சாவி. அதை மருத்துவர்களாகிய நாங்களும் வாய் திறந்து சொல்லணும். அதற்குத்தான் இந்தப் பதிவு.

19/
குறித்துக்கொள்ளுங்கள்.

அ) 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. 2016 சட்டம், 31-ஆவது பிரிவு. பக்கத்துப் பொதுப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். "ஸ்பெஷல் ஸ்கூலுக்குக் கொண்டு போங்க" என்று பள்ளி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஆ) 40-க்குக் கீழே என்றால் உரிமை போய்விடாது. அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடு இல்லாமல் சேர்க்கணும், தேவையான உதவி செய்யணும். 16-ஆவது பிரிவு.

இ) தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைச் சட்டமே சொல்லுது, 17-ஆவது பிரிவில். பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கேளுங்க.

ஈ) வீட்டுவழிக் கல்வி என்பது கடுமையான ஊனமுள்ள குழந்தையின் விருப்பம். பள்ளி கைகழுவுவதற்கான வழி இல்லை.

20/
உ) மறுத்தால் வாய்ச்சண்டை வேண்டாம். மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்க. பாதி மறுப்பு அங்கேயே கரைஞ்சிடும். கரையாத மீதிக்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். அதற்கு மேல் மாநில ஆணையர். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க 89-ஆவது பிரிவு இருக்கு.

ஊ) பிறந்த குழந்தைக்குக் காது பரிசோதனையை முதல் மாதத்திலேயே பாருங்க. குறை இருந்தால் மூணு மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் தொடங்கணும். சிறு வயதிலேயே காக்ளியர் கருவி பொருத்த முதல்வர் காப்பீட்டில் வழி இருக்கு. வயது ஏறினால் பலன் குறையும். மாவட்ட அரசு மருத்துவமனையில் இளம் குழந்தைகளுக்கான இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்க. பல குறைபாடுகள் சேர்ந்திருந்தால், முன்பு நம் மாவட்டத்தில் இருந்து இப்போ செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் முட்டுக்காட்டில், 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனமே இருக்கு.

21/
பட்டியலில் 9-ஆம் எண் இன்னும் அழியவில்லை. இன்றைக்கும் மாநிலப் பட்டியலில் அதே வார்த்தைகளோடுதான் இருக்கு. அதை அழிக்க அரசியல் சட்டத் திருத்தம் வேணும், அது நம் கையில் இல்லை.

ஜூன் மாசம் பள்ளி திறக்கும்போது உங்கள் தெருவில் சேர்க்கை பாரம் வாங்காத பிள்ளை யார் என்று பாருங்க. தறி வீடா இருக்கட்டும், மாடி வீடா இருக்கட்டும். அந்த அம்மாவிடம் 31, 16 என்ற இந்த ரெண்டு எண்ணை மட்டும் சொல்லுங்க. பள்ளிக்கு முதல் தடவை போகும்போது கூடவே போங்க.